பிசிஓஎஸ்: எடை இயந்திரம் காட்டாத மாற்றங்கள் – உங்கள் அனுபவங்களையும் பகிருங்கள்

பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் எனப்படும், சினைப்பையையும் ஹார்மோன்களையும் பாதிக்கும் கோளாறு) இருப்பதாக அறிந்த பெண்களில் பெரும்பாலோர் கேட்டிருக்கக்கூடிய அறிவுரை, "முதலில் எடையைக் குறையுங்கள், மற்றவை தாமாகச் சரியாகிவிடும்" என்பதுதான். எனக்கும் பல ஆண்டுகள் இதுவே சொல்லப்பட்டது. எடை ஏன் குறைய வேண்டும், அது குறையாத காலத்தில் வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே என்னால் ஒரு பழக்கத்தை விடாமல் தொடர முடிந்தது. அந்த விடைகள் பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதை விளக்கியவர் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். ஸ்கேனில் தெரிந்தவை அறுவை செய்து அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல, சினைப்பைக்குள் முட்டையைத் தாங்கி வளரத் தொடங்கி, முழு வளர்ச்சி பெறாமல் பாதியில் நின்றுபோன நுண்ணிய பைகள் என்பதை அவர் முதலில் தெளிவுபடுத்தினார். பிறகு இன்சுலினைப் பற்றிப் பேசினார். உடலின் செல்கள் இன்சுலினுக்கு உரியவாறு இணங்காதபோது (இதையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள்), சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதற்காகக் கணையம் வழக்கத்தைவிட அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களின் (ஆண் ஹார்மோன்களின்) உற்பத்தியைப் பெருக்குவதோடு, பாலின ஹார்மோன்களைப் பிணைத்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதையும் குறைத்துவிடுகிறது. இதனால் பிணைக்கப்படாத டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் கூடுகிறது. முகப்பருவும் முகத்தில் வளரும் முடியும், உச்சந்தலையில் முடி மெலிவதும், மாதக்கணக்கில் தள்ளிப்போகும் மாதவிடாயும் தனித்தனி நோய்கள் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவரை நாடிக்கொண்டிருந்த எனக்கு, அவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது அன்றுதான் புரிந்தது.

வேர் இன்சுலினில் இருக்கிறது என்றால், வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டும். சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவியை எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளக்கூடியது. உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பதன் பொருள் இதை அறிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நடையோடு, தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். 2023ஆம் ஆண்டு வெளியான, பிசிஓஎஸ் பற்றிய பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியையும், அடுத்தடுத்து வராத இரண்டு நாட்களில் தசைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. என் கருத்தில், பெண்கள் இந்தத் தசைப் பயிற்சியைத்தான் மிகக் குறைவாக மதிக்கிறோம்.

உணவைப் பொறுத்தவரை, அதே வழிகாட்டுதல் எந்த ஒரு குறிப்பிட்ட உணவு முறையும் மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை என்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பெரும் நிம்மதியாக இருந்தது. விலக்க வேண்டியவற்றின் நீண்ட பட்டியலைக் கைவிட்டு, ஒவ்வொரு வேளையிலும் புரதமும் நார்ச்சத்தும் போதிய அளவில் இருக்கின்றனவா என்பதை மட்டும் பார்க்கத் தொடங்கினேன்; இனிப்புப் பானங்களை நிறுத்தினேன்; இரவு உணவை முன்கூட்டியே முடித்தேன்.

எடை இயந்திரம் நெடுங்காலம் அசையவே இல்லை. ஆனால் இடுப்புச் சுற்றளவு குறைந்தது, பிற்பகல் சோர்வு விலகியது, கழுத்தின் பின்புறம் படர்ந்திருந்த கருமை மெல்ல வெளிறியது, மாதவிடாய் ஓரளவு கணிக்கக்கூடிய இடைவெளியில் வரத் தொடங்கியது. எடை குறைந்தே ஆக வேண்டும் என்று காத்திருந்திருந்தால், இந்த மாற்றங்களைக் காணும் முன்பே நான் எல்லாவற்றையும் கைவிட்டிருப்பேன். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே பலருக்குப் பலன் கிடைக்கிறது என்பது உண்மைதான்; அந்த 5 விழுக்காடு வராதவர்களின் முயற்சியும் வீணாவதில்லை என்பதை யாரேனும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்களுக்கு முதலில் மாறியது எது?

*

இந்த உரையாடலைத் தொடங்கிய தோழிக்கு நன்றி. நான் ஒல்லியான உடல்வாகு கொண்டவள். எனக்கு எடையைக் குறைக்கச் சொல்லக்கூட வழியில்லாததால், "உங்களுக்குப் பிசிஓஎஸ் இருக்க வாய்ப்பில்லை" என்றே சொல்லி அனுப்பினார்கள். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதியின் அறிகுறி அல்லது இரத்தச் சான்று, ஸ்கேனில் காணும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு கோளாறு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனின் மிகுதி போன்ற பிற காரணங்கள் விலக்கப்பட்டால் இந்நோய் உறுதியாகிறது. 2003இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட இந்த அளவுகோலில் எடை என்ற சொல்லே இல்லை. (வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்கு மாற்றாக, சினைப்பையின் சிறு பைகள் சுரக்கும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனையையும் பயன்படுத்தலாம் என்பது 2023 பன்னாட்டு வழிகாட்டுதலில் சேர்க்கப்பட்டது.)

நான் வலியுறுத்த விரும்புவது சர்க்கரைப் பரிசோதனையைப் பற்றியது. வெறும் வயிற்றில் எடுத்த என் சர்க்கரை அளவு ஒவ்வொரு முறையும் இயல்பாகவே இருந்தது. என் தாய்க்கும் அவருடைய உடன்பிறந்தோருக்கும் நீரிழிவு உண்டு என்று சொன்ன பிறகே, புதிதாகப் பார்த்த மருத்துவர் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைப் பருகவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து அளவெடுக்கும் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். அந்த அளவு 140க்கு மேல் இருந்தது. அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஒல்லியான உடல் எனக்கு எந்தப் பாதுகாப்பையும் தந்திருக்கவில்லை.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு, எந்த எடையில் இருந்தாலும், இந்த இரண்டு மணி நேரப் பரிசோதனையே மிகத் துல்லியமானது என்றும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரை நிலையை ஆராய வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. கருத்தரிக்கத் திட்டமிடுவோர் முன்கூட்டியே இதைச் செய்துகொள்வது நல்லது. கர்ப்பக்காலச் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் நமக்குக் கூடுதல். எனக்கு மருத்துவர் உணவைக் குறைக்கச் சொல்லவில்லை. தசையைக் கூட்டச் சொன்னார். எடையை ஏற்றிக்கொண்டே சர்க்கரையைச் சரிசெய்ய முடியும் என்பதை என் உடலிலேயே கண்டேன். அடுத்த பரிசோதனையில் அந்த அளவு இயல்புக்குத் திரும்பியிருந்தது.

*

நான் ஒரு தாயாக எழுதுகிறேன். என் மகள் பள்ளியில் படிக்கிறாள். மாதவிடாய் ஒழுங்காக வராததால் ஸ்கேன் எடுத்து, அதை வைத்தே அவளுக்குப் பிசிஓஎஸ் என்று ஓரிடத்தில் கூறிவிட்டார்கள். முதல் மாதவிடாய்க்குப் பின் எட்டு ஆண்டுகள் வரை ஸ்கேனையோ ஏஎம்ஹெச் அளவையோ கொண்டு இதை முடிவு செய்யக்கூடாது, அந்த வயதில் இயல்பான சினைப்பையே அவ்வாறு தோன்றக்கூடும் என்று வேறொரு மருத்துவர் விளக்கினார். அதற்குள் என் மகள் அஞ்சிப்போய், உணவைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தாள். அவளுடைய சினைப்பையைவிட அந்த அச்சத்துக்குத்தான் முதலில் சிகிச்சை தேவைப்பட்டது. பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் உணவுப் பழக்கக் கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுவதால், மனநலத்தையும் கேட்டறிவது மருத்துவப் பரிசோதனையின் ஒரு பகுதி என்கிறார்கள். இப்போது எங்கள் வீட்டில் எடை பற்றிய பேச்சு இல்லை. அவளுக்குப் பிடித்த விளையாட்டுக்கு மட்டும் நேரம் ஒதுக்குகிறோம். வீட்டில் வளரும் பெண் இருந்தால், அவள் காதுபட எடையைப் பற்றிப் பேசாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

*

அக்கா, நீங்கள் சொன்ன உணவும் பயிற்சியும் எனக்குப் போதவில்லை. காரணம் என் தூக்கத்தில் இருந்தது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் தலைவலியோடுதான் எழுவேன். நான் குறட்டை விடுவதையும், இடையில் மூச்சு நின்று திணறுவதையும் என் கணவர் கவனித்துச் சொன்னார். தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடைபடும் நோய் உறுதியானது. பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் இது அதிகம் என்பதும், இரவில் மீண்டும் மீண்டும் தூக்கம் கலைவதே இன்சுலின் எதிர்ப்பை வளர்க்கும் என்பதும் அதன் பிறகே எனக்குத் தெரியவந்தன. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிய பின் இரத்த அழுத்தம் குறைந்தது. முன்பு நடக்கவே தெம்பில்லாத எனக்கு, பயிற்சி செய்யும் வலுவும் வந்தது. நாள் முழுவதும் தூக்கம் கண்ணைச் செருகினால், அதைச் சோம்பல் என்று உங்களையே பழித்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

*

இந்த உரையாடலைத் தொடங்கியவள் மீண்டும் எழுதுகிறேன்; அனைவரின் பகிர்வுகளையும் வாசித்தேன். தனிச்செய்தியில் சிலர், வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டால் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். இன்சுலின் நன்கு செயல்பட உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை நான் தொடர்ந்துகொண்டேதான் இவற்றைச் செய்தேன். தொடக்கத்தில் வயிற்றுக் கோளாறு இருந்தது. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தியதும் அது தணிந்தது. நீண்ட நாள் எடுத்துக்கொண்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் அதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வேண்டாத முடி வளர்ச்சி குறைய, எந்த மருந்தானாலும் குறைந்தது ஆறு மாதங்களாவது ஆகும். அதற்குள் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

மாதவிடாய் வராமல் இருப்பதைத் தொல்லையற்ற காலம் என்று விட்டுவிடாதீர்கள். முட்டை வெளியாகாத மாதங்களில் அந்தப் படலத்தைச் சீராக வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவில் சுரக்காததால் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும். நெடுங்காலம் அப்படியே இருந்தால் புற்றுநோய் ஆபத்தும் கூடும். 90 நாட்களைத் தாண்டினால் கட்டாயம் மருத்துவரைப் பாருங்கள். மறுபுறம், உடல்நிலை சீராகும்போது முட்டை வெளியாவதும் அறிவிப்பின்றித் தொடங்கிவிடும். இப்போது குழந்தை வேண்டாம் என்றிருப்பவர்கள், மாதவிடாய் இன்னும் சீராகவில்லையே என்று எண்ணிக் கருத்தடையை அலட்சியப்படுத்த வேண்டாம்.