தவளையின் செரிமானச் செலவு 34% வருகிறது, கணக்கில் எங்கே இடறுகிறது?

குளத்தங்கரை

கொம்புத் தவளை ஒன்று, எடை 50 கிராம், வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். 5 நாள் பட்டினிக்குப் பிறகு ஆக்சிஜன் நுகர்வு மணிக்கு 2 மி.லி. அதன்பின் 5 கிராம் சிள்வண்டு கொடுத்து, 1 லிட்டர் டப்பாவில் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தது. ஒவ்வொரு முறையும் 1 மணி நேரம் மூடி, முன்னும் பின்னும் காற்று மாதிரி. 24ஆவது மணியில் உச்சம் 9 மி.லி., 96ஆவது மணியில் 2.4.

வரைபடத்தின் கீழுள்ள பரப்பைக் கூட்டினால் 4 நாளில் 510 மி.லி. ஆக்சிஜன் மி.லி.க்கு 19.8 ஜூல் வைத்தால் 10.1 கிலோஜூல். சிள்வண்டு ஈர எடையில் கிராமுக்கு 6 கிலோஜூல் என்று கொண்டால் இரை மொத்தம் 30 கிலோஜூல். ஆக 34%. தின்றதில் மூன்றில் ஒரு பங்கு செரிக்கவே போய்விடுமா? அப்படியானால் அந்தச் செலவு எதற்கு? இரைப்பைக்கா, குடலுக்கா?

அளவுகோல்

முதல் தப்பு கழித்தலில். 510 மி.லி. முழுவதும் செரிமானச் செலவு இல்லை. தின்னாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்தத் தவளை 96 மணியில் 2 × 96 = 192 மி.லி. எடுத்திருக்கும். மிச்சம் 318 மி.லி., அதாவது 6.3 கிலோஜூல். 34% என்பது 21% ஆகிவிட்டது.

அடுத்து, டப்பாக் காற்றின் கன அளவைத் திட்ட வெப்ப அழுத்தத்துக்கு மாற்றினீர்களா? 25 டிகிரியில் ஈரக் காற்றை 0 டிகிரி உலர் காற்றாக மாற்றும் காரணி, கடல் மட்ட அழுத்தத்தில், சுமார் 0.89. மாற்றவில்லை என்றால் இப்போது மாற்றுங்கள், 318 என்பது 282 ஆகும், விடை 18.6%. உச்சத்தைப் பட்டினி வேகத்தால் வகுத்து வரும் 4.5 மடங்கு மட்டும் எப்படியும் மாறாது, அது வெறும் விகிதம்.

ஆனால் எனக்கு உண்மையில் உறுத்துவது அந்த 2 மி.லி. தவளை போக டப்பாவில் காற்று 950 மி.லி. பட்டினித் தவளை 1 மணியில் 2 மி.லி. எடுத்தால் ஆக்சிஜன் 20.95%-லிருந்து 20.74%-க்குத்தான் இறங்கும். கருவி 0.05 புள்ளி பிசகினால் அது கிட்டத்தட்ட 0.5 மி.லி., அதாவது நான்கில் ஒரு பங்குப் பிழை. காரணி போடாத 21% கணக்கிலேயே பட்டினி வேகம் 1.5 என்று வைத்துப் பாருங்கள், செலவு 24%. 2.5 என்றால் 18%. முழு விடையும் அந்த ஓர் எண்ணின் மேல் தொங்குகிறது. பட்டினி அளவீட்டுக்கு டப்பாவை 3 மணி நேரம் மூடுங்கள், பிழை 8 சதவீதத்துக்கு இறங்கும். உச்சத்தில் 1 மணி போதும், அப்போதே ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்குகிறது, அதற்கு மேல் மூச்சுத் திணற விட வேண்டாம்.

5 நாள் பட்டினியும் போதாது. உங்கள் தவளை தின்று 4 நாள் ஆகியும் 2.4-ல் நிற்கிறது, வரைபடத்தின் வால் இன்னும் முடியவில்லை. 10 முதல் 14 நாள் விட்டு, பல நாள் அளந்து, மிகக் குறைவாக வரும் அளவீடுகளின் சராசரியை எடுங்கள். இரவில் தவளை சுவரில் முட்டிக்கொண்டிருக்கும் நேரத்து எண்ணைப் பட்டினி வேகம் என்று எழுதினால் செலவு குறைத்துக் காட்டும். தின்ற பிறகான எண்ணில் அதே ஆட்டம் கலந்தால் கூட்டிக் காட்டும்.

ஈரத்தோல்

எடையைப் பற்றி யாரும் பேசவில்லையே. தவளையின் சிறுநீர்ப்பை சாதாரணமில்லை. நிரம்பியிருந்தால் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூடத் தண்ணீர் இருக்கலாம். பின்தொடைக்கு மேலே அடிவயிற்றை மெதுவாக அழுத்திக் காலி செய்துவிட்டு எடை பாருங்கள். இல்லையென்றால் '10% இரை' என்பது நிஜத்தில் 12% ஆக இருக்கும். இதைத் தின்பதற்கு முன்பு செய்ய வேண்டும். தின்ற தவளையைக் கையில் எடுத்தால் இரையைக் கக்கிவிடும், நான்கு நாள் வேலை போச்சு. டப்பாவுக்குள்ளேயே ஊட்டி, நகர்த்துவதானால் டப்பாவோடு நகர்த்துங்கள்.

மாதிரிக் காற்றை முதலில் நீர் உறிஞ்சி, பிறகு சோடா சுண்ணாம்பு, மறுபடி நீர் உறிஞ்சி என்ற வரிசையில் கடத்த வேண்டும். சோடா சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும்போது தண்ணீரை விடும், அதனால்தான் இரண்டாவது உறிஞ்சி. எச்சம் விழுந்தால் உடனே எடுங்கள், அதிலுள்ள பாக்டீரியாவும் மூச்சு விடும். தவளை இல்லாத, ஈரத் துணி மட்டும் வைத்த டப்பா ஒன்றையும் கூடவே அளந்து கழியுங்கள்.

6 கிலோஜூல் என்பதும் பொதுவான எண். அதே சிள்வண்டுகளில் சிலவற்றை 60 டிகிரியில் எடை நிலைக்கும்வரை உலர்த்தி, வெப்ப அளவியில் எரித்துப் பாருங்கள். சிள்வண்டின் ஈரப்பதம் வயதுக்கும் அது தின்ற தீனிக்கும் ஏற்ப மாறும்.

நுண்விரல்

செலவு எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். இரைப்பையா குடலா என்று கேட்டால் இரண்டும்தான், ஆனால் பெரிய பங்கு அவற்றைத் தாண்டி உடல் முழுக்க நடக்கும் புரதக் கட்டுமானத்துக்குப் போகிறது. இரண்டு அமினோ அமிலங்களைக் கோக்கும் ஒரு பெப்டைட் பிணைப்புக்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் (செல் செலவிடும் ஆற்றல் நாணயம்) நான்கு. அமினோ அமிலத்தை ஆர்.என்.ஏ.வில் ஏற்ற இரண்டு, புரதம் கட்டும் ரைபோசோமில் கோக்க இரண்டு. மிஞ்சிய நைட்ரஜனை யூரியாவாக்க மூலக்கூறுக்கு மறுபடி நான்கு. கொழுப்பு இரையைவிடப் புரத இரைக்குச் செலவு ஏறுவது இதனால்தான்.

இரைப்பை அமிலம் தனிக் கணக்கு. இரத்தத்தின் காரத்தன்மையிலிருந்து அமில அளவெண் (pH) 2 வரை புரோட்டானைத் தள்ள ஒவ்வொரு சுற்றுக்கும் ஏ.டி.பி. என்ற அதே ஆற்றல் நாணயம் வேண்டும். தள்ளிய புரோட்டானுக்கு ஈடாகப் பைகார்பனேட் இரத்தத்தில் சேரும். தேரைகளில் அதை ஈடுகட்ட மூச்சு ஒப்பளவில் குறைந்து கார்பன் டை ஆக்சைடு உடலில் தங்கும், அதனால் அமில அளவெண் பெரிதாக அசையாது. ஆகவே வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை மட்டும் அளந்து செலவைக் கணக்கிட்டால் முதல் நாள் எண் ஏமாற்றும். நீங்கள் ஆக்சிஜனை அளந்தது சரி.

இன்னொன்று, கொம்புத் தவளை வறட்சியில் மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் இனம். பட்டினியில் குடல் சுருங்கும், அதன் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் குட்டையாகும், பட்டினி வேகமும் தாழும். அடிக்கடி தின்னும் தவளையோடு ஒப்பிட்டால் ஏற்றம் மடங்கில் பெரிதாகத் தெரிவது இயல்பே. அடித்தளம் தாழ்ந்தால் மடங்கு கூடும்.

குளத்தங்கரை

கழிக்காமல் விட்டது என் தப்பே. காரணியையும் போடவில்லை. அப்படியென்றால் அந்தக் குடலை மறுபடி விரிப்பதுதான் செலவில் பெரிய துண்டு என்று எழுதலாமா?

நுண்விரல்

அவசரப்படாதீர்கள். மலைப்பாம்பில் குறுகிய பட்டினிக்குப் பிறகும் நீண்ட பட்டினிக்குப் பிறகும் ஒரே அளவு இரை கொடுத்துப் பார்த்தபோது செலவு பெரிதாக மாறவில்லை. விரிப்பது அவ்வளவு விலை கூடியதல்ல என்றே அது காட்டுகிறது. உங்கள் தவளையில் சோதிக்க: ஒரே எடையுள்ள தவளைகள், ஒரே வெப்பநிலை, ஒரே இரை. பாதிக்கு 2 வாரம் பட்டினி, பாதிக்கு 3 மாதம். மடங்கை விட்டுவிட்டுக் கிலோஜூலை ஒப்பிடுங்கள்.

அளவுகோல்

வெப்பநிலையை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். சூடு ஏறினால் உச்சம் உயர்ந்து நாள் குறையும், குளிர்ந்தால் உச்சம் தாழ்ந்து இழுக்கும், மொத்தச் செலவு பெரும்பாலும் அதே சுற்றில்தான் நிற்கும். 20 டிகிரியில் 4 நாளோடு நிறுத்தினால் வால் இன்னும் நீளமாக அறுபடும். தொடர்ந்து இரண்டு நாள் பட்டினி வேகத்தைத் தொடும்வரை அளவீட்டை நிறுத்த வேண்டாம்.