பழைய கிராமத்துத் தேவாலயத்தைக் கலைக்கூடமாக்கிய அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

வழிபாடு நின்றுபோன ஒரு கிராமத்துத் தேவாலயத்தைக் கச்சேரி, நாடகம், ஓவியக் கண்காட்சி நடத்தும் இடமாக மாற்றியபோது ஒலி, ஒளி வேலை என் பொறுப்பில் இருந்தது. எல்லோரும் மேடையைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள், ஆனால் பணம் போவது கழிவறைக்கு. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிற இடத்தில் அது எதற்கு இருக்கப்போகிறது? சரி, வெளியே கட்டிக் குழாய் பதிக்கலாம் என்றால் சுவரைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம், அதிலும் பெயர்க்கல் இல்லாத கல்லறைகள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது, அதனால் தொல்லியல் ஆள் ஒருவர் கூடவே நிற்க, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தோண்ட முடிந்தது.

அப்புறம் முழக்கம், அதாவது சத்தம் நின்ற பிறகும் கூடத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒலி. எழுப்பிய ஒலி 60 டெசிபல் தணிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. பேச்சு புரிய அது ஒரு விநாடியை ஒட்டி இருந்தால் நல்லது. உயரமான கல் கட்டடத்தில் இரண்டு, மூன்று விநாடி சர்வசாதாரணம். சேர்ந்திசைக்கு சொர்க்கம்தான், ஆனால் நாடகம் போட்டால் ஒரு வசனத்தின் வால் அடுத்த வசனத்தின் தலையில் விழும். டிரம்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். (ஹார்வர்டில் 1895 முதல் சில வருஷம் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் இதே தலைவலியோடுதான் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து ஒரு விரிவுரைக் கூடத்தில் அடுக்கி அளந்து பார்த்தார், அதிலிருந்துதான் இந்தக் கணக்கே பிறந்தது.) கூரை முழுக்க ஒலி உறிஞ்சும் பலகை அடிக்கலாம் என்று சிலர் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இழுத்து ஒதுக்கக்கூடிய கனத்த திரை போதும், பேச்சு நிகழ்ச்சிக்கு இழுத்துவிடுங்கள், பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். சத்தமான இசைக்குழுவுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. இன்னொன்று, காலியான கூடத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு ஒலியை முடிவு செய்யாதீர்கள். கோட்டும் கம்பளியுமாக ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் அது வேறு கூடம்.

*

நண்பரே, நீங்கள் காதைச் சொன்னீர்கள், நான் காலைச் சொல்கிறேன். நான் நடனக்காரி. கல் தரையில் நேராக ஆடினால் முழங்கால் போய்விடும், கொஞ்சம் துள்ளிக் கொடுக்கிற மரப்பலகைத் தளம் வேண்டும். ஆனால் தரையில் இருந்ததோ பெயர் வெட்டிய நினைவுக் கற்கள், ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. கடைசியில் துண்டு துண்டாகக் கோத்துப் பிரிக்கிற தளம் போட்டார்கள். குளிர்தான் தாங்கவில்லை. நிகழ்ச்சிக்கு முன்னால் மட்டும் வேகமாகச் சூடேற்றினார்கள், குளிர்ந்த சுவரெல்லாம் வேர்த்தது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் பிற்காலத்தில் யாரோ சிமென்ட் பூசியிருந்த பக்கம் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஓதம் ஏறிக் கிடந்தது.

ஊர்க்காரர்கள் ஆட்டத்துக்கு எதிர்ப்புச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டே போனேன். யாரும் சொல்லவில்லை. இடைவேளையில் ஒரு பாட்டி நேராக வந்து, "எங்க பெஞ்ச எங்கே தூக்கிப் போட்டீங்க?" என்றார். அவர்கள் குடும்பம் தலைமுறையாக உட்கார்ந்த பெஞ்சாம். பலிபீடத்தின் முன்னால் நான் ஆடியது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

*

பெஞ்ச் விஷயம் நூற்றுக்கு நூறு. எல்லாவற்றையும் பிடுங்கத் தேவையும் இல்லை. இங்கிலாந்தில் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட்டின் பராமரிப்பில் 350க்கும் மேற்பட்ட பழைய தேவாலயங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை இன்றும் அர்ச்சிக்கப்பட்ட இடங்கள்தான், அங்கேயே கச்சேரியும் நடக்கிறது.

வௌவாலை யாரும் சொல்லவில்லையே! இங்கிலாந்தில் வௌவாலும் அது தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன, விரட்ட முடியாது, கூரையில் வேலை என்றால் முதலில் அதைக் கேட்டாக வேண்டும். தேவாலயங்களும் வௌவால்களும் சேர்ந்து பிழைக்க வழி தேடி 2018 முதல் 2023 வரை தனியாக ஒரு திட்டமே நடந்தது. வௌவாலின் சிறுநீர் பித்தளையையும் துணியையும் அரிக்கும், பியானோவை உறை போடாமல் ராத்திரி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.