கார்த்திகை மழைக்கு 5000 மரக்கண்டு, நாத்துமேடை எப்ப தொடங்கவேணும்?

சம்பூர்_வளவு:

வணக்கம். நாங்கள் திருகோணமலை மாவட்டத்தில சம்பூர் ஆக்கள். 2006ல சண்டையால இடம்பெயர்ந்து போய் பத்து வருசம் கழிச்சு திரும்பி வந்து பாத்தா வளவுக்குள்ள நிண்ட பெரிய மரம் ஒண்டையும் காணேல்ல, அம்மம்மா வச்ச புளி, கிணத்தடி வேம்பு எல்லாம் போயிட்டு. வீடு கட்டியாச்சு, கிணறு இறைச்சாச்சு, ஆனா மத்தியானத்தில முத்தத்தில கால் வைக்கேலாத வெயில். இப்ப ஊர்ப் பெடியள் கொஞ்சப்பேர் சேந்து இந்த மாரிக்கு 5000 மரக்கண்டு நடுவம் எண்டு முடிவெடுத்திருக்கிறம், குளக்கட்டு, கோயில் வீதி, பள்ளிக்கூட வேலிக்கரை, மிச்சம் வீடு வீடா குடுக்கிறது.

போன முறை வெளியில 600 கண்டு வாங்கி நட்டனாங்கள். தை மாசம் பாக்க நல்லாத்தான் நிண்டது, ஆவணிக்குள்ள முக்காவாசி செத்துப்போச்சு, கிளப்பிப் பாத்தா வேர் பைக்குள்ள சுத்தின சுத்திலயே நிக்குது, கீழ இறங்கவே இல்ல. அதாலதான் நாங்களே விதை போட்டு வளர்ப்பம் எண்டு நினைக்கிறம். பாலை, முதிரை, வேம்பு, மருது, புளி, நாவல் இதுகள்தான் ஆசை. கால் ஏக்கர் துண்டும் கிணறு ஒண்டும் இருக்கு. இப்ப சித்திரை கடைசி. எத்தனை பை, எவ்வளவு மண், எப்ப விதைக்கிறது, அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ. காசு பெரிசா இல்ல, வேலைக்கு ஆக்கள் இருக்கினம்.

பாத்தி_அக்கா:

தம்பி, நான் மரநாத்து வேலையில கனகாலம் இருந்தனான், அதால கொஞ்சம் நீளமா எழுதிறன், பொறுத்து வாசியுங்கோ.

முதல்ல நடுற நாளில இருந்து பின்னுக்கு எண்ணுங்கோ. எங்கட பக்கம் ஐப்பசி நடுவில மழை தொடங்கும், ரெண்டு மூண்டு நல்ல மழை விழுந்து நிலம் ஒரு முழம் ஈரமாகினாப் பிறகு, அதாவது கார்த்திகை முதல் கிழமையளில நடவேணும், அப்பத்தான் மார்கழி தை மழையில வேர் பிடிக்கும். அதுக்கு முந்தி ஒரு மாசம் ஒண்டரை மாசம் கண்டை வெயிலுக்குப் பழக்கவேணும். அப்ப வளர்க்கிற காலம் எண்டு உங்களிட்ட இருக்கிறது வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும்தான். இந்தக் காலத்துக்குள்ள வேம்பு வரும், புளி வரும், நாவல் பிந்திப் பழுத்தாலும் ஒரு மாதிரி வரும். பாலை வராது. பாலை வலு மெதுவா வளர்ற சாமான், இந்த வைகாசி ஆனியில பழம் பொறுக்கி உடன விதைச்சாலும் அது அடுத்த வருச மாரிக்குத்தான் நடுற கண்டு. அதுக்காக விட்டிடாதேங்கோ, ஒரு பாத்தி பாலைக்கெண்டு ஒதுக்குங்கோ. முதிரையும் இந்த முறைக்கு எண்டு நம்பி இருக்கவேண்டாம், காய் மரத்தில வெடிக்க முந்திப் பறிச்சு சாக்கில காயப் போடவேணும், வெடிச்சா செட்டை விதை எல்லாம் காத்தோட போயிடும்.

விதையில கனபேர் பிழை விடுறது வேம்பிலதான். பழம் பொறுக்கி சாக்கில கட்டி மூலையில வச்சிட்டு ரெண்டு மாசத்தால விதைப்பினம், ஒண்டும் முளைக்காது. சதையைக் கழுவி, நிழல்ல உலத்தி, ரெண்டு கிழமைக்குள்ள போடுங்கோ. நாவலும் இலுப்பையும் அப்பிடித்தான், விதை காஞ்சா செத்துது. நாவல் ஒரு கொட்டையில ரெண்டு மூண்டு முளை வரும், நல்லதை விட்டிட்டு மற்றதை எடுத்து வேற பையில வைக்கலாம். புளி சோலி இல்லாத சாமான், ஒரு ராவு தண்ணியில ஊறப் போட்டு நேர பையிலயே ஊண்டலாம், ஆனா உப்புப் போட்டு வச்ச புளியில கொட்டை எடுக்காதேங்கோ. மருதுக் காயை ரெண்டு நாள் ஊறப் போடவேணும், முளை ஒண்டா வராது, பொறுமை வேணும்.

இன்னொண்டு, ஒரே கோயில் மரத்தில 5000 விதையும் எடுக்காதேங்கோ. தள்ளித் தள்ளி நிக்கிற பத்துப் பதினைஞ்சு நல்ல மரத்தில கலந்து எடுங்கோ. காட்டுக்குள்ள போய் பொறுக்கிறதெண்டா வன இலாகா ஆக்களிட்டக் கேட்டிட்டுப் போங்கோ.

கணக்கு இப்பிடி. 5000 நட வேணுமெண்டா 6300 பை நிரப்புங்கோ, அஞ்சில ஒண்டு எப்பிடியும் போகும். 5 அங்குல அகலப் பை மண் நிரப்பினா கிட்டத்தட்ட 8 சென்ரிமீற்றர் குறுக்களவு வரும், ஒரு சதுர மீற்றருக்கு 150 சொச்சம் அடுக்கலாம். அப்ப 1 மீற்றர் அகலம் 10 மீற்றர் நீளத்தில நாலு பாத்தி காணும். அகலத்தைக் கூட்டாதேங்கோ, ரெண்டு பக்கமும் இருந்து கை நடுவுக்கு எட்டவேணும், இல்லாட்டி நடுவில புல்லு வளர்ந்து கிடக்கும். மண் எல்லாம் சேத்து 2 கியூப் (ஒரு கியூப் எண்டா 100 கன அடி) அளவு வரும். மேல்மண் ரெண்டு பங்கு, மக்கின மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. பச்சை எரு வேண்டாம், வேரைச் சுடும். நனைச்சுப் பிடிச்சா உருண்டையா நிக்கவேணும், விரலால தட்டினா உதிரவேணும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 300 பை ஒழுங்கா நிரப்பினா பெரிய காரியம், அதால இப்பவே தொடங்குங்கோ.

கிண்ணியா_கரை:

அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் தண்ணியப் பத்தி மட்டும் சொல்றன். தம்பி உங்கட கிணறு கடலுக்கு எவ்வளவு கிட்ட? எங்கட பக்கம் மாசி மாசம் நல்ல தண்ணி மாதிரித்தான் இருக்கும், ஆடி ஆவணி வரக்குள்ள உவர் ஏறும், அந்தத் தண்ணியத்தான் நாங்க ரெண்டு வருசத்துக்கு முந்தி நாவல் கண்டுக்கு ஊத்தினது, இலை நுனி எல்லாம் கருகி 400 கண்டு போச்சு. நோய் எண்டு நினைச்சு மருந்து வேற அடிச்சம். பொறகுதான் ஒரு வயசாளி வந்து தண்ணிய வாயில வச்சுப் பாத்துட்டு சொன்னார். அதனால பை நிரப்ப முந்தி தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, இப்ப ஒருக்கா, ஆடியில ஒருக்கா.

அளவு எண்டா நாலு பாத்திக்கும் சேத்து ஒரு நாளைக்கு 400 லீட்டர் வச்சுக்கங்க, மேக்கால வாற கச்சான் காத்து அடிக்கிற நாளில 600 வரைக்கும் போகும். காலையிலயும் பின்னேரமும் பூவாளியால, ஹோஸ் பைப்பால நேர அடிச்சா மண் கரைஞ்சு விதை வெளிய வந்துரும். மேக்குப் பக்கமா கிடுகு வேலி ஒண்டு கட்டுங்க, வெயில விட அந்தக் காத்துதான் நாத்த உலத்துது. மேல பந்தலுக்கும் கிடுகு போதும், பாதி வெயில் உள்ள விழுற மாதிரி. முழு நிழலும் கூடத் தண்ணியும் சேந்தா நாத்து அடித்தண்டு அழுகி வரிசை வரிசையா விழும், அப்பிடி கண்டா தண்ணியக் குறைச்சு கிடுகக் கொஞ்சம் விலக்குங்க.

வயல்கரை_தம்பலகாமம்:

வேர் சுத்தின கதைக்கு வாறன், உங்கட 600 கண்டில முக்காவாசி செத்ததுக்குக் காரணம் அதுதான் எண்டு நான் நினைக்கிறன். கண்டு பைக்குள்ள அளவுக்கு மிஞ்சி நிண்டிருக்கும், இல்லாட்டி நாத்து மாத்தி வைக்கேக்க வேரை மடிச்சு வச்சிருப்பினம். மாத்தி வைக்கேக்க தண்டில பிடிக்காமல் இலையில பிடியுங்கோ, ஓட்டையை ஆழமாப் போட்டு வேர் நேர தொங்க விட்டு மண்ணை நெருக்குங்கோ, பின்னேரத்தில செய்யுங்கோ. பையில அடியிலயும் பக்கத்திலயும் ஓட்டை வேணும். மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா பையைத் தூக்கி இடம் மாத்தி வையுங்கோ, வெளிய வந்த வேரை வெட்டி விடுங்கோ, இல்லாட்டி பாத்தி மண்ணுக்குள்ள இறங்கி கடைசி நாளில பிடுங்கேக்க அறுந்துபோகும்.

புரட்டாசி பிறக்க கிடுகை கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, தண்ணியையும் குறைச்சு கொண்டு வாங்கோ. இலை கொஞ்சம் வாடினாலும் பயப்பிடவேண்டாம். ஒண்டு ஒண்டரை அடி உயரம், பென்சில் மொத்தத் தண்டு, இதுதான் நடுற கண்டு. மூண்டடி உயரத்தில மெலிஞ்சு நிக்கிறதை ஆக்கள் ஆசைப்பட்டு எடுப்பினம், குடுக்காதேங்கோ.

ஒரு ஆசை சொல்றன், சாவண்டலையையும் பட்டியல்ல சேருங்கோ. சிங்களத்தில ஹல்மில்ல எண்டிறது. வெள்ளக்காரன் இதுக்கு திருகோணமலை மரம் எண்டே பேர் வச்சிருந்தவன், மதராசில அலைக்குள்ள ஓடுற மசுலாப் படகு கட்ட இந்த மரம் இங்க இருந்து போனது. எங்கட ஊர்ப் பேரில ஒரு மரம் இருக்கெண்டு எங்கட பிள்ளையளுக்கே தெரியாது. விதையில சொணை இருக்கு, கையுறை போட்டுத் தொடுங்கோ.

கடைசியா ஒண்டு, 5000 எண்டிற எண்ணிக்கையை ஒருக்கா யோசியுங்கோ. முதல் ரெண்டு கோடையும் ஆடு மாட்டிட்ட இருந்து காத்து தண்ணி ஊத்த எத்தனை பேர் இருக்கிறீங்கள்?

சம்பூர்_வளவு:

எல்லாருக்கும் நன்றி, ராத்திரி பெடியளோட இருந்து கதைச்சனாங்கள். தண்ணி ஊத்த நிண்டு பிடிக்கக்கூடியது 14 பேர்தான். அதால இந்த மாரிக்கு 2000, வேம்பு புளி நாவல் மருது மட்டும். பை 2500. பாலையும் சாவண்டலையும் தனிப் பாத்தியில அடுத்த வருசத்துக்கு. கிணறு கடல்ல இருந்து ஒரு கிலோமீற்றர் வரும், நாளைக்கு போத்தல்ல தண்ணி எடுத்துக் குடுத்து டெஸ்ட் பண்றம். அக்கா, பாலை விதையை நேர பையில போடுறதா, மணல் பாத்தியில முளைக்க வச்சு மாத்திறதா?

பாத்தி_அக்கா:

மணல் பாத்தியில போடுங்கோ தம்பி, முளைக்க நாள் எடுக்கும், எல்லாம் முளைக்காது, வெறும் பைக்கு மாசக்கணக்கில தண்ணி ஊத்திக் கொண்டிருக்கத் தேவையில்ல. பழத்தைத் திண்டிட்டு கொட்டையை நல்லாக் கழுவுங்கோ, சதை ஒட்டியிருந்தா எறும்பு வரும். ரெண்டு இலை வந்த உடன பைக்கு மாத்துங்கோ, பிந்தினா ஆணிவேர் நீண்டு போயிடும். பாலைக்கு மட்டும் கொஞ்சம் உயரமான பை வாங்குங்கோ, ஒரு வருசத்துக்கு மேல அதுக்குள்ளதான் நிக்கப்போகுது.