மறு: சப்போட்டெக் 'ஈமத்தாழி', சொல் பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

மெக்சிக்கோவின் பழங்குடியினரான சப்போட்டெக் மக்களின் கல்லறைச் சுடுமண் கலங்களை 'ஈமத்தாழி' என்று தமிழில் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கட்சி. தாழி என்றதும் நமக்கு ஆதிச்சநல்லூர் வந்து நிற்கும். உள்ளே எலும்பைத் தேடுவோம். மெக்சிக்கோவின் வஹாக்கா பள்ளத்தாக்கில், அவர்களின் பழைய தலைநகரான மோந்தே அல்பானின் கல்லறைகளில் கிடைத்த இந்தச் சுடுமண் உருவங்கள் பெரும்பாலும் எலும்போ சாம்பலோ இட்டு வைத்தவை அல்ல. சம்மணமிட்டு, முழங்கால்மேல் கைவைத்து ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். முதுகோடு ஒட்டி உருளையாக ஒரு கலம். நேரே நின்று பார்த்தால் கலம் இருப்பதே தெரியாது. ஸ்பானியத்தில் 'உர்னா' (தாழி) என்று நிலைத்துவிட்டது, சரி. அந்தப் பிழையை நாமும் ஏன் சுமக்கவேண்டும்?

நம் உரையாடலில் அம்மையார் சொன்ன 'தெய்வப்பாவை' அழகுதான். ஆனால் இவை தெய்வங்களா மனிதர்களா என்ற வழக்கை அது தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறது. 1952-இல் இவற்றை வகைப்படுத்திய தொல்லியலாளர்கள் அல்போன்சோ காசோவும் இக்னாசியோ பெர்னாலும் பலவற்றுக்குத் தெய்வப்பெயரே இட்டார்கள். பின்னால் தொல்லியலாளர் ஜாய்ஸ் மார்க்கஸ், உருவங்களில் இருப்பவர்கள் இறந்துபோன முன்னோர், கோசிஹோவின் முகத்தை அணிந்திருக்கிறார்கள் என்றார். கோசிஹோ என்றால் மின்னல். மழையும் அவன் பொறுப்பு. பிளந்த பாம்புநாக்குத் தொங்கும் அந்த வாய்மூடியைக் கொஞ்சம் மறந்து மேலே பாருங்கள், மனிதக் கண்கள். சிலவற்றில் 260 நாள் பஞ்சாங்கப்படி பெயரும் பொறித்திருக்கிறது. பிறந்த நாளின் பெயரை ஆளுக்கு வைப்பது சப்போட்டெக் வழக்கம். தெய்வத்துக்கு ஏது பிறந்தநாள்?

ஆகவே முன்னோர் தெய்வமுகம் அணிந்த இந்த நிலையைத் 'தெய்வக்கோலம்' என்பேன். வாசல் கோலத்தோடு குழம்பும் என்ற அச்சம் வேண்டாம். மணக்கோலம், தவக்கோலம் என்றால் யாரும் அரிசிமாவைத் தேடுவதில்லை. 'வேடம்' கூடாது, அதில் ஏமாற்றின் வாடை. (மண் எப்போது சுடப்பட்டது என்று காட்டும் வெப்ப ஒளிர்வுச் சோதனையில் போலி என்று தெரியவந்த அருங்காட்சியக உருவங்கள் பல உண்டு, அவற்றுக்கு வேண்டுமானால் 'வேடக்கலம்' என்று வைத்துக்கொள்ளலாம்.)

உருவமும் கலமும் சேர்ந்த பொருளுக்கு முதலில் 'படிமக்கலம்' என்று குறித்துவைத்தேன். அகராதியைப் புரட்டினால் அதற்குக் கண்ணாடி என்று பொருள்! அடித்துவிட்டு 'உருவக்கலம்' என்று எழுதினேன். காட்சிப்பலகையில் இப்படி வரும்:

உருவக்கலம். கோசிஹோ கோலத்தில் முன்னோர். சப்போட்டெக், சுடுமண்.

'உருவகக்கலம்' என்று எவராவது தட்டச்சு செய்துவிடுவார்களோ என்பதுதான் என் ஒரே கவலை.