40எக்ஸ் மட்டும் மங்கல்: லென்ஸைத் துடைக்க எந்தத் தாள் நல்லது?

சின்ன லேப்:
வணக்கம். ஊரில் ஒரு சிறிய லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இருப்பது ஒரே ஒரு மைக்ராஸ்கோப். காலையில் யூரின் டெபாசிட் (சிறுநீரில் அடியில் தங்குவது), மதியத்துக்கு மேல் ரத்த ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லிசாகத் தடவிய ரத்தம்). இரண்டு வாரமாக 40எக்ஸில், அதாவது 40 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், எதைப் பார்த்தாலும் பால் தெளித்த மாதிரி மங்கல். பஸ் செல்லா (சீழ் செல்), எபிதீலியல் செல்லா (உள்தோல் செல்) என்று பிரித்துச் சொல்வதற்குள் கண் வலிக்கிறது. 10எக்ஸும் 100எக்ஸும் பளிச்சென்று இருக்கின்றன. முகம் துடைக்கும் டிஷ்யூவால் துடைத்தேன். ஊசி போடும் முன் தேய்க்கிற ஆல்கஹால் ஸ்வாபாலும் துடைத்தேன். இப்போது வானவில் மாதிரி கோடு வேறு வந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்கும் ஈரத் தாள் வாங்கலாமா?

கல்யாண போட்டோக்காரர்:
அந்த ஈரத் தாளைத்தான் நான் பை நிறைய வைத்திருக்கிறேன். மண்டபத்தில் விரல் ரேகை, பன்னீர்த் துளி எல்லாம் ஒரே தேய்ப்பில் போகும். ஆனால் முதலில் ரப்பர் புளோயரால் ஊதிவிடுங்கள். தூசியோடு தேய்த்தால் எவ்வளவு மெத்தென்ற துணியும் உப்புத்தாள்தான். பனியன் துணியால் துடைத்து ஒரு லென்ஸின் கோட்டிங்கைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

பழைய டெக்னீஷியன்:
தம்பி சொல்வது கேமராவுக்குச் சரி. இங்கே விஷயம் வேறு. விரல் ரேகையும், 100எக்ஸில் பார்க்க ஸ்லைடில் விடும் இம்மர்ஷன் ஆயிலும் ஒன்றில்லை.

அம்மா, ஸ்மியர் பார்த்துவிட்டு, ஸ்லைடில் ஆயில் இருக்கும்போதே 40எக்ஸுக்குத் திருப்புகிறீர்களா? 40எக்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம். அந்த ஆயில் துளியை உரசாமல் அது திரும்பாது. 100எக்ஸ் ஆயிலுக்காகவே செய்தது, அதனால் அது பளிச்சென்றுதான் இருக்கும். 40எக்ஸ் காற்றில் பார்க்கச் செய்தது. அதில் ஆயில் ஒட்டினால் நீங்கள் சொல்கிற பால் மங்கல்தான் வரும். வானவில் கோடும் அந்த ஆயில்தான். மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் பார்ப்போமே, அதே. ஸ்வாபில் ஆல்கஹால் 70 சதவீதம், மீதி தண்ணீர். அது ஆயிலைச் சரியாகக் கரைக்காது, பரப்பிவிடும்.

துடைப்பதற்கு முன் அழுக்கு எங்கே என்று பாருங்கள். ஐபீஸை, அதாவது கண் வைக்கும் லென்ஸை, சுழற்றுங்கள், மங்கலும் கூடவே சுற்றினால் குற்றம் ஐபீஸில். ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். இரண்டும் இல்லையென்றால் 40எக்ஸைக் கழற்றி, ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து அதன் வழியாக முன் லென்ஸைப் பாருங்கள். நல்ல பூதக்கண்ணாடி மாதிரி காட்டும்.

சின்ன லேப்:
பார்த்தேன் சார். நடுவில் எண்ணெய் வளையம், ஓரத்தில் டிஷ்யூவின் பஞ்சு. ஆமாம், யூரினுக்கு அவசரமாகத் திருப்பும் பழக்கம் எனக்கு உண்டு. பழைய அக்கா ஒருவர் எண்ணெயைக் கரைக்கிற சைலீன் போடச் சொல்கிறார்.

பழைய டெக்னீஷியன்:
அந்தக் காலத்தில் சிடார் மர எண்ணெய். காய்ந்தால் கோந்து மாதிரி இறுகிவிடும், சைலீன் இல்லாமல் வராது. இப்போது வருவது செயற்கை ஆயில், அவ்வளவு முரட்டு மருந்து தேவையில்லை. சைலீன் லென்ஸை ஒட்டியிருக்கும் பசையை இளக்கலாம், மூச்சுக்கும் ஆகாது. ஸெய்ஸ் கம்பெனி தன் கையேட்டில் 85 பங்கு என்-ஹெக்சேனும் 15 பங்கு ஐசோபுரொப்பனாலும் கலந்த திரவத்தைச் சொல்கிறது. தீப்பிடிக்கும் சரக்கு, பர்னர் பக்கம் வேண்டாம். அது கிடைக்காவிட்டால் மைக்ராஸ்கோப் கம்பெனி விற்கும் லென்ஸ் கிளீனர் போதும். எதுவானாலும் உங்கள் மைக்ராஸ்கோப்பின் கையேடு வேண்டாம் என்றால் வேண்டாம்.

தாள் என்றால் லென்ஸ் பேப்பர். புத்தகமாகத் தைத்து வரும், மலிவுதான். விரல் படாத பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டு, அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே சுருளாகத் துடையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு தாள். அதே தாளை மடித்து மறுபடி தேய்த்தால் எடுத்த ஆயிலைத் திருப்பிப் பூசுகிறோம்.

40எக்ஸில் ஒரு சிக்கல்: முன் லென்ஸ் சின்னது, பெரும்பாலும் குழிந்தும் இருக்கும். தாள் உள்ளே போகாது. மெல்லிய மூங்கில் குச்சியில் சுத்தமான பஞ்சைச் சுற்றிக்கொள்ளுங்கள், குச்சி நுனி வெளியே தெரியக் கூடாது. பஞ்சை விரலால் தொட்டால் உங்கள் கை எண்ணெயும் சேரும். திரவம் சொட்டச் சொட்ட வேண்டாம், ஈரமாக இருந்தால் போதும்.

கல்யாண போட்டோக்காரர்:
அப்போ லேபில் கிடக்கும் கிம்வைப்ஸ் துடைக்கும் தாள் ஆகாதா சார்? என் நண்பன் எல்லாவற்றுக்கும் அதையே உருவுவான்.

பழைய டெக்னீஷியன்:
ஸ்லைடு, ஸ்டேஜ், சிந்திய ஆயில், இதற்கெல்லாம் அருமை. ஆப்ஜெக்டிவில் (40எக்ஸ், 100எக்ஸ் மாதிரி ஸ்லைடுப் பக்க லென்ஸில்) நான் வைக்க மாட்டேன். முகம் துடைக்கும் டிஷ்யூ கூடவே கூடாது. சிலதில் தோலுக்கு மெது தரும் லோஷன் வேறு தடவியிருப்பார்கள்.

சின்ன லேப்:
நான்கு பஞ்சுக் குச்சி ஆயிற்று சார். கடைசிக் குச்சி வெள்ளையாகவே வந்தது. பஸ் செல்லின் உட்கருகூடத் தெரிகிறது. ஆனால் ஐபீஸால் பார்த்தபோது ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு. துடைத்தும் போகவில்லை.

பழைய டெக்னீஷியன்:
அது கீறல், டிஷ்யூவோ பழைய தூசியோ போட்டது. ஓரத்தில் ஒரு கோடு படத்தைக் கெடுக்காது, விட்டுவிடுங்கள். தேய்த்துப் போக்கப் பார்க்காதீர்கள். அப்புறம், ஸ்மியர் முடிந்ததும் ஸ்லைடை எடுத்துவிட்டு, 100எக்ஸை உலர்ந்த லென்ஸ் பேப்பரால் ஒற்றிய பிறகே அடுத்த வேலை. யூரினைக் காலையிலேயே முடித்துவிட்டால் திருப்ப வேண்டிய அவசியமே வராது.

சின்ன லேப்:
காலையில்தான் சார் முடிக்கிறேன். மதியம் மூன்று மணிக்கு ஒருவர் பாட்டிலோடு வந்து நிற்பார், அவரை என்ன செய்வது?