குத்திறாலா, கும்பிடிறாலா, வாய்க்காலியா?

குழுவினருக்கு வணக்கம்.

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேன்டிஸ் ஷ்ரிம்ப் என்ற, இறால் போலத் தெரியும் கடல் உயிரினத்தின் வளர்ப்பு பற்றிய அதிகாரத்தில் வேலை நின்றுவிட்டது. உயிரினத்துக்கு ஒரு சொல் வேண்டும். அதன் இரு வகைகளுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்மாஷர், ஸ்பியரர் என்கிறார்கள். முதலாவது நத்தை, நண்டுகளின் ஓட்டை அடித்து உடைத்துத் தின்னும். இரண்டாவது மணல் வளைக்குள் பதுங்கியிருந்து, அருகில் வரும் மீனைக் குத்திப் பிடிக்கும். உடைக்கும் வகைக்குக் கல்லும் பிவிசி குழாயும் வைத்தால் குடியேறிவிடும். மற்றதற்கு உடம்பு முழுக்கப் புதையுமளவு மணல் வேண்டும். சொல் குழம்பினால் தொட்டியும் தப்பாக அமையும். உதவுங்கள்.

— ச., கோவை

அன்புள்ள ச. தம்பிக்கு,

மேன்டிஸ் என்பது நம் கும்பிடுபூச்சி. எனவே கும்பிடிறால். கும்பிட்டிறால் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஆடு, ஆட்டுப்பால் என இரட்டிப்பது பெயருக்கு. இது வினைத்தொகை, குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறினால் போதும்.

இறால் என்பதையும் விட்டு இறவு என்றே சொல்லலாம் என்பது என் ஆசை. சுறா சுறவு ஆவதுபோல், நிலா நிலவு ஆவதுபோல், இறா இறவு ஆகும். ‘குறியதன் இறுதிச் சினைகெட உகரம் அறிய வருதல் செய்யுளுள் உரித்தே’ என்பது தொல்காப்பியம். நற்றிணை 101இல் கழி இறவுக்கு முற்றாத மஞ்சளின் பசும்புறம் உவமை. பச்சை மஞ்சள் கிழங்கின் வளையங்களையும் சொரசொரப்பையும் பாருங்கள், இறாவின் முதுகு அப்படியே இருக்கும். அந்தப் பாட்டில் இறவைக் குவித்து, அது காயும் பக்குவம் பார்த்து, புன்னை நிழலில் பரப்புகிறார்கள். இவ்வளவு கூர்ந்து பார்த்த மரபில் வந்த சொல்லை நாம் ஏன் கைவிட வேண்டும்? கும்பிடிறவு என் முதல் பரிந்துரை.

— இரா., தஞ்சாவூர்

ஐயா, வணக்கம்.

நீங்கள் காட்டிய விதியிலேயே ‘செய்யுளுள்’ என்று இருக்கிறது. இது மீன்தொட்டிக் கையேடு.

என் மறுப்பு வேறு இடத்தில். இந்த உயிரி இறாலும் இல்லை, கும்பிடுபூச்சியும் இல்லை. இறாலும் நண்டும் பத்துக்காலிகள். இதன் வரிசை ஸ்டொமட்டோபோடா, அந்தக் கிளையிலிருந்து சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தது. வாயை ஒட்டி அமைந்த கால்களால் இரை பிடிப்பதால் வந்த பெயர் அது. வாய்க்காலி என்று நேராகச் சொல்லலாம்.

இதை வகைப்பாட்டுப் பிடிவாதமாக மட்டும் பார்க்காதீர்கள். இறால் என்று படித்தவர், தொட்டியைச் சுத்தம் செய்யும் இறால்களோடும் சின்ன மீன்களோடும் இதை விட்டுவிடுவார். கொஞ்ச நாளில் இது மட்டும்தான் மிஞ்சும். தனித் தொட்டியில் தனியாக வளர்க்க வேண்டியதற்கு இறால் என்ற பெயர் பொருந்தாது.

— வி., விலங்கியல் ஆசிரியை, நாகர்கோவில்

வணக்கம் அம்மா,

வாய்க்காலி என்று இணையத்தில் தேடினால் பாசன வாய்க்கால்தான் வரும். நான் இதை வளர்ப்பவன். பார்க்க வருகிற எல்லாரும் முதலில் கேட்பது “இது என்ன எறா?” என்றுதான். எறாவை விட்டுவிட்டு அவர்களிடம் பேச முடியாது.

குத்திறால் என்று வைப்போமே. முகத்தில் குத்துவதும் குத்துதான், ஈட்டியால் குத்துவதும் குத்துதான். ஒரே சொல் இரண்டு வகையையும் அடக்கிவிடுகிறது, இது ஆங்கிலத்தில்கூட இல்லாத வசதி. மயில் நிற வகையின் அடி நொடிக்கு 23 மீட்டர் வரை போகும். அந்த வேகத்தில் நீரில் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. அந்த உடைவே நத்தை ஓட்டுக்கு இரண்டாம் அடி. இப்படிப்பட்டதைக் கும்பிடுகிறது என்று எழுதினால் கையை விட்டுப் பார்ப்பார்கள்.

— ஜெ., சென்னை

ஜெ. தம்பி சொன்னது நன்று. குத்திறாலும் வினைத்தொகையே, குறை சொல்ல ஒன்றுமில்லை. நெல் குத்துதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உடைக்கும் வகைக்கு அதுவே பொருத்தம். அப்படியானால் அதை உலக்கை வகை எனலாம். வள்ளைப்பாட்டு நம் மகளிர் உலக்கையோடு பாடியது. செங்குத்து, குத்துக்கல், குத்துவிளக்கு எல்லாவற்றிலும் நேர்நிற்றல் என்ற பொருள் ஓடுகிறது. மேலிருந்து நேராக இறங்குவதால்தான் நெல் குத்துதல் என்றார்களோ என்று எனக்கு ஓர் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

— இரா.

ஐயா, உலக்கை மேலும் கீழும் போகும். இது மடக்கிய காலைக் கீலில் விசிறி அடிக்கிறது. சம்மட்டிதான் சரி.

— ஜெ.

இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன். உடைக்கும் வகை நுனிக்கணுவை மடக்கியபடியே வைத்து அதன் தடித்த குதியால் அடிக்கிறது. மற்றது நுனிக்கணுவை விரித்து முள்ளால் குத்துகிறது. மடக்கிக்குத்தி, நீட்டிக்குத்தி என்றால் உறுப்பின் இயக்கமே பெயரில் வந்துவிடும். உடைக்கும் வகையைச் சேர்ந்த கோனோடாக்டிலஸ் என்ற பேரினப் பெயரிலும் முழங்காலுக்கும் விரலுக்கும் உரிய கிரேக்கச் சொற்கள்தான் இருக்கின்றன.

— வி.

அம்மா, அழகாக இருக்கிறது, ஆனால் படத்தின் கீழே அச்சிட இடம் இல்லை. சம்மட்டி வகை, ஈட்டி வகை என்று போடுகிறேன். மடக்குவதையும் நீட்டுவதையும் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன்.

அப்புறம், இன்னொரு சொல்லும் நிற்கிறது. ஓடு கழற்றும் காலத்தில் இது வளையின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும், தோண்டி எடுக்கக் கூடாது. தோலுரித்தல் என்று எழுதவா?

— ச.

பாம்புக்குச் சட்டை, இதற்கு ஓடு. ஓடு கழற்றல் என்று நீங்களே எழுதிவிட்டீர்களே, அதையே வைத்துக்கொள்ளுங்கள். இழுவை வலையில் கழிவு மீனோடு இதன் உறவினங்கள் நம் கரைகளிலும் ஏறுகின்றன. கரையில் வழங்கும் பெயரை யாராவது கேட்டு வந்தால் நம் மூன்று சொற்களையும் விட்டுவிடலாம் என்பேன்.

— வி.

நான் காசிமேட்டில் கேட்கிறேன், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

— ஜெ.

சரி, குத்திறால் என்றே அனுப்புகிறேன். நால்வரில் இருவர் உடன்பாடு, ஐயா பாதி உடன்பாடு. முதல் பத்தியில் ‘வாய்க்காலி வரிசையைச் சேர்ந்தது, இறால் அன்று’ என்று இருக்கும். அனைவருக்கும் நன்றி.

— ச.

இறால் அன்று என்று எழுதிவிட்டு அதையே பெயராக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். ‘வேறு எந்த உயிரோடும் சேர்த்து வளர்க்கக் கூடாது’ என்ற வரியையாவது தடித்த எழுத்தில் போடுங்கள்.

— வி.