தூதரைத் துரத்தும் டிவி கேமரா: மாஸ்கோ, 2012

வைகைக்கரை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. மைக்கேல் மெக்ஃபால் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த காலத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2012 ஜனவரியில் போனவர், 2014 பிப்ரவரியில் சோச்சி ஒலிம்பிக் முடிந்த கையோடு கிளம்பிவிட்டார். இந்த இரண்டு வருடத்தில் அவர் போன பல இடங்களில் என்.டி.வி. கேமராக்காரர்கள் (நம் ஊர் என்.டி.டி.வி. இல்லை, இது ரஷ்யச் சானல்) அவருக்கு முன்னாலேயே போய் நின்றிருக்கிறார்கள். 2012 மார்ச் 29-ல் மனித உரிமைச் செயல்பாட்டாளர் லெவ் பொனமர்யோவைப் பார்க்க அவருடைய அலுவலகத்துக்குப் போகிறார், வாசலிலேயே மைக்கை நீட்டுகிறார்கள். அந்த வீடியோவைப் பார்த்தேன். குளிரில் மேல்கோட்டு கூட இல்லாமல் நின்று, முழுதாகக் கைவராத ரஷ்ய மொழியில் அவர் பதில் சொல்லச் சொல்ல எனக்கே படபடப்பாக இருந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். ஒரு தூதர் இன்று எத்தனை மணிக்கு எங்கே போகிறார் என்பது ஒரு டிவி சானலுக்கு எப்படித் தெரிகிறது? தூது வந்தவரைத் தொடக்கூடாது என்பது ராஜாக்கள் காலத்து வழக்கம், வியன்னா உடன்படிக்கை என்று ஒன்று வேறு இருக்கிறது, அது இதற்கெல்லாம் பொருந்தாதா? அப்புறம், மாஸ்கோ போய் இறங்கிய முதல் வாரத்திலேயே எதிர்க்கட்சிக்காரர்களைச் சந்தித்தது அவர் செய்த தவறு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அதை ஒப்புக்கொள்கிறீர்களா?

மேற்குச்சன்னல் எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் நிறைய அரைகுறைச் செய்தி சுற்றுகிறது. 2012 ஜனவரி 17 சந்திப்பு மெக்ஃபால் வந்த வேகத்தில் தானாக இழுத்துப்போட்டுக்கொண்டது இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துணைச் செயலர் வில்லியம் பர்ன்ஸ் அப்போது மாஸ்கோ வந்திருந்தார். அவர் ரஷ்ய அதிகாரிகளையும் பார்த்தார், எதிர்க்கட்சியினரையும் மனித உரிமைக்காரர்களையும் பார்த்தார், புதுத் தூதரும் கூட இருந்தார். ஒபாமா 2009 ஜூலையில் மாஸ்கோ போனபோதும் இப்படித்தான் இரண்டு பக்கமும் பேசினார், அப்போது இந்தக் கூச்சல் எழவில்லை. நடுவில் 2011 டிசம்பர் வந்துவிட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் தில்லுமுல்லு என்று பல்லாயிரம் பேர் பலோத்னயா சதுக்கத்தில் கூடினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே, டிசம்பர் 8-ல், ஹிலாரி கிளின்டன்தான் இவர்களுக்குச் சைகை காட்டினார் என்று புடின் சொல்லிவிட்டார். மார்ச் 4-ல் அதிபர் தேர்தல். உள்ளூரில் கிளம்பிய கோபத்தை வெளியூர்க்காரன் தலையில் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் போய் இறங்கினார்.

அந்த ஜனவரி 17 அன்று தூதரக வாசலில் கேமராக்கள் தயாராக நின்றன. உள்ளே போய் வந்தவர்களிடம் எதற்கு வந்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று துருவிக் கேட்டார்கள். அந்தக் காட்சிகளை வெட்டி ஒட்டி, "அமெரிக்கத் தூதரகத்தில் உத்தரவு வாங்குகிறார்கள்" என்ற மாதிரி ஒரு தலைப்பு வைத்து யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். அதே நாட்களில் அரசுச் சானலான சானல் ஒன்றில் மிகயில் லியொன்த்யெவ் என்பவர், இந்த ஆள் ரஷ்ய நிபுணரே இல்லை, ஜனநாயகம் பரப்புவதில்தான் நிபுணர் என்று சொன்னார். மெக்ஃபால் 2001-ல் ரஷ்யாவைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பில் "முடிவடையாத புரட்சி" என்று வரும், அதைக் காட்டி அந்தப் புரட்சியை முடித்துவைக்கத்தான் வந்தாரா என்று கேட்டார். ரஷ்யாவுடன் உறவைச் சீர்செய்யும் கொள்கையை வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து வகுத்தவர்களில் முக்கியமானவர் இவர். அவரையே இப்படிச் சித்தரித்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

சானலுக்கு எப்படித் தெரிந்தது? மெக்ஃபாலே ட்விட்டரில் அதைத்தான் கேட்டார்: என் மின்னஞ்சலையும் போனையும் படிக்க என்.டி.வி.க்கு யார் உரிமை கொடுத்தது என்று. எங்களுக்குத் தகவல் தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சானல் பதில் சொன்னது. என்.டி.வி. 2001-லேயே காஸ்ப்ரோம் என்ற எரிவாயு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது, காஸ்ப்ரோமில் பெரும்பங்கு ரஷ்ய அரசுடையது. ஆதாரத்தோடு நிரூபித்தவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு தூதருடைய சந்திப்பு நேரத்தை உளவுத்துறையின் உதவி இல்லாமல் ஒரு சானல் திரும்பத் திரும்பத் தெரிந்துகொள்ள முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சட்டம்: 1961 வியன்னா உடன்படிக்கையின் 29-வது பிரிவு, தூதரின் உடலுக்கும் சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் நேரும் தாக்குதலைத் தடுக்கும் பொறுப்பு அவரை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு உண்டு என்று சொல்கிறது. 27-வது பிரிவு கடிதப் போக்குவரத்தைக் காக்கிறது. பொருந்துமா என்றால் பொருந்தும். ஆனால் தடுக்க வேண்டியவரும் ஏவிவிடுபவரும் ஒருவரே என்றால் புகாரை வாங்கப்போவது யார்? அரசிடம் கேட்டால் அது பத்திரிகைச் சுதந்திரம் என்கிறது, சானலிடம் கேட்டால் நாங்கள் எங்கள் வேலையைச் செய்கிறோம் என்கிறது. அவர் வேண்டாம் என்றால் 9-வது பிரிவின்படி காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கலாம், 1952-ல் அன்றைய அமெரிக்கத் தூதர் ஜார்ஜ் கெனன் வெளியே போயிருந்தபோது, இவர் வேண்டாம் என்று ஸ்டாலின் அரசு அறிவித்து, தூதராகத் திரும்பி வர விடவில்லை. மெக்ஃபாலை அப்படித் திருப்பி அனுப்பவில்லை. ஊரில் வைத்துக்கொண்டு தினம் ஒரு செய்தி எடுப்பதில்தான் அவர்களுக்கு லாபம் இருந்தது என்பது என் கருத்து.

பழைய ஹாஸ்டல்வாசி எழுதியது:

நான் அந்த வருடங்களில் ரஷ்யாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன், மாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கு மேல் போக வேண்டிய ஊர். மொழி பழகுவதற்காக டிவி பார்க்கச் சொல்வார்கள், அதனால் இதெல்லாம் பார்த்தேன். எங்கள் விடுதி வாசலில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருப்பார், போக வர அட்டையைக் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன டிவி நாள் முழுக்க ஓடும். ரொம்ப நல்ல மனுஷி, காய்ச்சல் வந்தால் ராஸ்பெர்ரி ஜாம் போட்டு டீ கொடுப்பார். அவர் ஒருநாள் என்னிடம், "அந்த அமெரிக்கன் இங்கே புரட்சி பண்ண வந்திருக்கிறானாம், உங்கள் நாட்டுத் தூதரும் அப்படித்தானா?" என்று கேட்டார். கிண்டலே இல்லை, உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்த மார்ச் மாதம் என்.டி.வி.யில் ஒரு படம் போட்டார்கள், போராட்டத்துக்கு வந்தவர்கள் பணத்துக்கும் பிஸ்கட்டுக்கும் வந்தார்கள் என்று. அதைக் கண்டித்து மாஸ்கோவில் ஒஸ்தான்கினோ டிவி கோபுரத்துக்கு அருகில் கூடியவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. படம் வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் நீங்கள் சொல்லும் அந்த வாசல் சம்பவம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் புரியாது, தொடர்ந்து டிவி பார்த்தவர்களுக்கு அது ஒரே கதையின் அடுத்தடுத்த காட்சி.

நான் சொல்ல வந்தது வேறு. என் வகுப்பில் ஆங்கிலம் நன்றாகப் பேசும் ஒரு ரஷ்யப் பையன் இருந்தான். 2013-ல் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் வந்து பேசும் இலவசக் கூட்டம் ஒன்று எங்கள் ஊரில் நடந்தது, சேர்ந்து போகலாம் என்று கூப்பிட்டேன். முந்தின வருடம் இருந்தால் எனக்கு முன்னால் ஓடியிருப்பான். "நீ போ, உனக்கு ஒன்றும் ஆகாது. என்னை யாராவது படம் எடுத்தால் அப்பா வேலைக்குப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டான். அவனை யாரும் மிரட்டவில்லை, டிவி பார்த்திருந்தான், அவ்வளவுதான்.

தெற்குவீதி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அதே வியன்னா உடன்படிக்கையின் 41-வது பிரிவு, போன நாட்டின் உள் விவகாரத்தில் தலையிடக்கூடாது என்கிறது. ரஷ்யர்கள் சந்தேகப்பட்டது வெறும் கற்பனையா? 2006 ஜனவரியில் ரசியா என்ற அரசுச் சானல் ஒரு படம் ஒளிபரப்பியது, மாஸ்கோ பூங்கா ஒன்றில் போலிக் கல்லுக்குள் கருவி வைத்துப் பிரிட்டிஷ் தூதரக ஆட்கள் தகவல் வாங்குகிறார்கள் என்று. அப்போது மேற்கில் பலர் சிரித்தார்கள். 2012 ஜனவரியில், மெக்ஃபால் மாஸ்கோ போய் இறங்கிய அதே வாரம், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டோனி பிளேரின் முன்னாள் தலைமை அலுவலர் ஜோனதன் பவல் பிபிசியில் அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். 2014-ல் அமெரிக்க வெளியுறவுத்துறை அதிகாரி விக்டோரியா நூலண்டும் கீவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஜெஃப்ரி பயாட்டும் உக்ரைனில் யார் ஆட்சிக்கு வரவேண்டும் என்று போனில் பேசிக்கொண்டதை உலகமே கேட்டது. இதையெல்லாம் பார்க்கும் சாதாரண ரஷ்யர் தன் டிவியை நம்புவதில் என்ன தப்பு?

மெக்ஃபாலும் தன் பங்குக்கு உளறினார். அந்த வாசலில் நின்று இது காட்டுமிராண்டி நாடு என்று பொருள்படும்படி ரஷ்ய மொழியில் சொல்லிவிட்டார், பிறகு என்.டி.வி. செய்ததைத்தான் சொன்னேன், என் ரஷ்ய மொழி மோசம் என்று ட்விட்டரில் விளக்கம் கொடுத்தார். கோபத்தில் வியன்னாவுக்குப் பதில் ஜெனீவா உடன்படிக்கை என்று வேறு சொன்னார். அந்த நாட்டில் தூதராக இருப்பவர் வாயை இன்னும் கட்டியிருக்க வேண்டும்.

மேற்குச்சன்னல் எழுதியது:

தெற்குவீதி, நீங்கள் சொன்ன கல் உண்மை, போன் பேச்சும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லை அந்தப் படம் எதற்குப் பயன்படுத்தியது என்று பாருங்கள். உளவு பார்த்தார்கள் என்பதோடு நிறுத்தவில்லை. அதே ஆட்கள்தான் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று சேர்த்துச் சொன்னது. தொண்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் புடின் கையெழுத்துப் போட்டதும் அந்த மாதம்தான். உளவாளிக்கும், சிறையில் அடிபட்டவனுக்காக மனு எழுதும் ஆளுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை அழிப்பதுதான் அங்கே நடந்தது. ஒரு பங்கு உண்மை கலந்திருந்ததால்தான் அது எடுபட்டது.

உளவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களையும் விடவில்லையே. பிரிட்டிஷ் தூதர் டோனி பிரென்டன் 2006 ஜூலையில் எதிர்க்கட்சிகள் நடத்திய மாநாட்டில் கலந்துகொண்டு பேசினார், அதற்காக கிரெம்ளின் ஆதரவு பெற்ற நாஷி இளைஞர் அமைப்பு மன்னிப்புக் கேள் என்று மாதக்கணக்கில் அவர் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்தது. 2007-ல் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் ஒரு சோவியத் போர்வீரர் சிலையை இடம் மாற்றினார்கள், அதற்கு மாஸ்கோவில் எஸ்தோனியத் தூதர் மரினா கல்யுராண்ட் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்புக்குள்ளேயே அதே அமைப்பினர் புகுந்தார்கள், மெய்க்காவலர்கள் மிளகு ஸ்ப்ரே அடிக்க வேண்டியதாயிற்று. அவர் எந்தக் கல்லை எங்கே வைத்தார்?

வாயைக் கட்டியிருக்கலாம் என்பது சரிதான். ஆனால் மனைவி மக்களோடு வந்திருக்கும் ஒருவரை வாரக்கணக்கில் துரத்தி, ஒரு சொல் தவறும் வரை கேமராவோடு காத்திருந்து, அந்தச் சொல்லை மட்டும் நாடு முழுக்கக் காட்டுவதைச் செய்தி என்று என்னால் சொல்ல முடியாது.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹாஸ்டல்வாசி சொன்ன அந்தப் பையன் மனதை விட்டுப் போகவில்லை. தூதருக்கு விமான டிக்கெட்டும் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது, அவரைப் பார்த்தவர்களுக்கு என்ன ஆனது? அந்த மார்ச் நாளில் உள்ளே காத்திருந்த பொனமர்யோவ்?

மேற்குச்சன்னல் எழுதியது:

2012 ஜூலையில், வெளிநாட்டுப் பணம் வாங்கி அரசியலில் ஈடுபடும் அமைப்புகளுக்கு முகவர் என்று முத்திரை குத்தும் வெளிநாட்டு முகவர் சட்டம் வந்தது, செப்டம்பரில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். பொனமர்யோவின் அமைப்பின் பெயர் "மனித உரிமைகளுக்காக". 2013 ஜூனில் ஓர் இரவு போலீஸ் வந்து அவர்களை மாஸ்கோ அலுவலகத்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றியது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்த அமைப்பையே கலைத்தது. அடுத்த வருடம் அவர் பெயரையே வெளிநாட்டு முகவர் பட்டியலில் சேர்த்தார்கள். 2022-ல் ரஷ்யாவை விட்டுப் போய்விட்டார், அப்போது அவருக்கு எண்பது வயது. 2012 ஜனவரி 17 அன்று தூதரகத்துக்குப் போனவர்களில் எதிர்க்கட்சித் தலைவர் போரிஸ் நெம்த்சோவும் ஒருவர். அவர் 2015 பிப்ரவரி 27 இரவு கிரெம்ளினுக்குப் பக்கத்துப் பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.